நாலு நிமிடம் ஓடி நிற்கும் படம்

விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசத் தொடங்குகிறார். அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களின் திரையில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது, குரலும் நன்றாகக் கேட்கிறது. நாலு நிமிடம் போகிறது. இன்னும் இருபது நொடி. படம் அப்படியே உறைந்து நிற்கிறது. இணையம் போய்விட்டதோ என்று பார்த்தால் போகவில்லை. மின்னஞ்சல் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, கேபிளில் பழுதில்லை. செயலியை மூடித் திறந்தால் படம் திரும்ப வருகிறது. திரும்பவும் நாலு நிமிடம் இருபது நொடியில் நிற்கிறது. எந்தத் திரையிலும் பிழைச் செய்தி ஒன்றுகூடக் கிடையாது.

கல்லூரி, தொழிற்சாலை, மருத்துவமனை என்று பெரிய கணினி நெட்வொர்க் இருக்கிற எந்த இடத்திலும் இந்தக் கோளாறு வரலாம். ஒரே தகவலை ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் ‘மல்டிகாஸ்ட்’ முறையில் வரும் சிக்கல் இது. சாதாரண இணையப் பழுதைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள்கூட இதன் முன்னால் திணறுவார்கள். அவர்களுக்குத் திறமை குறைவு என்பதல்ல காரணம். வழக்கமாகத் தேடும் திசையில் தேடுகிறார்கள், இந்தப் பழுதோ எதிர்த்திசையில் இருக்கிறது.

நிபோங் திபாலில் இதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். சற்றுக் கிழக்கே போனால் கெடாவின் பண்டார் பாரு. கலிடோனியா, பைராம் என்று தோட்டங்களின் பெயர்களால் அறியப்பட்ட வட்டாரம். கரும்புக்கும் பிறகு ரப்பருக்கும் வந்த தமிழர்களின் உழைப்பில் வளர்ந்த மண். இரவில் ஆற்றோரத்து மின்மினிகளைப் படகில் போய்ப் பார்க்கலாம். 2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் பொறியியல் வளாகத்தைப் பேராக்கின் துரோனோவிலிருந்து இங்கே கொண்டுவந்தது. மின்னியல், இயந்திரவியல், கட்டுமானம், வேதியியல், விண்வெளி, கனிமவளம் என்று ஆறு பொறியியல் பள்ளிகள் இங்கே இயங்குகின்றன. பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவில் இருக்கிறது, மருத்துவ வளாகம் கிளந்தானின் குபாங் கிரியானில். ஒருவர் பேசுவதை மூன்று ஊர்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் கேட்க வேண்டிய தேவை அன்றாடம் எழக்கூடிய இடம் இது.

அப்படிக் கேட்க வைக்க இரண்டு வழி உண்டு. கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்புவது ஒன்று. யூடியூப் முதல் இன்றைய காணொளிக் கூட்டச் செயலிகள் வரை அநேகமாக எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன. நொடிக்கு 2 மெகாபிட் வேண்டிய ஒரு படத்தை 200 பேர் பார்த்தால், அனுப்புகிற கணினியிலிருந்து 400 மெகாபிட் கிளம்ப வேண்டும். மல்டிகாஸ்ட் முறையில் அதே 200 பேருக்கும் சேர்த்து 2 மெகாபிட்தான் கிளம்புகிறது.

கோலாலம்பூரில் அச்சாகும் பத்திரிகை நம் ஊருக்கு வரும் விதத்தை நினைத்துப் பார்த்தால் இது புரியும். வீட்டுக்கு ஒரு வண்டி வருவதில்லை. ஊருக்கு ஒரே கட்டாக வருகிறது. கடையில் கட்டைப் பிரித்து, சந்தா சொன்னவர்கள் வீட்டுக்கு மட்டும் போடுகிறார்கள். மல்டிகாஸ்டிலும் பாதை பிரிகிற இடத்தில்தான் பிரதி எடுக்கப்படுகிறது, கேட்டவர்கள் இருக்கும் கிளைக்கு மட்டும் போகிறது. சந்தாவை யார் சொன்னது, யாரிடம் சொன்னது, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதுதான் இதில் முழு விஷயமும்.

கணினி ஆய்வகம் நடத்துகிறவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பள்ளியிலோ கல்லூரியிலோ 40 கணினிகளுக்கு ஒரே மாதிரி விண்டோசும் மென்பொருள்களும் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவை அனைத்தையும் அடக்கிய பிம்பக் கோப்பு 20 ஜிகாபைட். ஒவ்வொன்றாக அனுப்பினால் மொத்தம் 800 ஜிகாபைட். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள சர்வரிலிருந்து அது வெளியேறக் காகிதக் கணக்கிலேயே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளில் மல்டிகாஸ்டைத் தேர்ந்தெடுத்தால் அதே காகிதக் கணக்கில் மூன்று நிமிடம் போதும்.

இந்த யோசனை ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான் பிறந்தது. 1980களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங், பல கணினிகள் கூடி வேலை செய்யும் ஓர் அமைப்பில் ஈடுபட்டிருந்தார். ஒரே கேபிளில் இருந்த கணினிகளுக்கு ஒரு செய்தியைக் கூட்டாக அனுப்ப முடிந்தது. சில கணினிகள் வளாகத்தின் வேறு மூலையில், ரவுட்டர்களுக்கு அப்பால் இருந்தன. அங்கே போக வழியில்லை. அந்த வழியை வகுத்த அவரது விதிமுறை 1989 ஆகஸ்டில் இணையத் தரமாக வெளியானது. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இணையப் பொறியாளர்கள் மாநாட்டின் பேச்சுகள் இதே முறையில் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு ஒலிபரப்பாயின.

பினாங்கு இதில் பின்தங்கி நிற்கவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பள்ளியில் சுரேஸ்வரன் ராமதாஸ் வழிநடத்திய நெட்வொர்க் ஆய்வுக் குழு, 1990களிலேயே எம்சிஎஸ் என்ற பல்லூடகக் கூட்ட அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. ஸ்கைப்பும் சூமும் வருவதற்கு முந்திய காலம். கூட்டத்தில் பலர் இருந்தாலும் ஒரு நேரத்தில் பேசுகிறவருடைய படமும் குரலும் மட்டும் போகும்படி முறை வகுத்து, ஒரே கட்டடத்துக்குள் அதை மல்டிகாஸ்டில் அனுப்பினார்கள். எம்லேப்ஸ் என்ற நிறுவனம் பின்னர் இதை வணிகப் பொருளாக்கியது.

அந்த அமைப்பில் எம்எல்ஐசி என்று ஒரு பகுதி இருந்தது. ஒரு நெட்வொர்க்கில் ஓடும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகளை அது வாங்கி, சாதாரணப் பாக்கெட்டுகளாக மாற்றி, வெளி இணையத்தின் வழியே அடுத்த நெட்வொர்க்குக்கு அனுப்பும். அங்கே இருக்கும் இன்னொரு எம்எல்ஐசி திரும்ப மல்டிகாஸ்டாக மாற்றிக் கொடுக்கும். ஒரு நெட்வொர்க்குக்குள் மல்டிகாஸ்ட் அருமையாக ஓடும், நடுவில் வரும் ரவுட்டர்களை நம்ப முடியாது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. பினாங்கில் தமிழர் ஒருவர் தலைமையில் எழுந்த அந்த வேலையை இங்கே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். மல்டிகாஸ்டின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பதை அது அன்றே சரியாகக் கண்டிருந்தது.

இனி அந்த நாலு நிமிடம் இருபது நொடிக்கு வருவோம்.

மாணவர் படத்தைத் திறந்ததும் அவருடைய கணினி, ‘இந்தக் குழுவில் என்னையும் சேர்’ என்று ஒரு சிறு கோரிக்கை அனுப்புகிறது. அதற்கான விதிமுறை ஐஜிஎம்பி. குழுவுக்கென்று தனி முகவரி உண்டு. 224இல் தொடங்கி 239 வரை வரும் ஐபி முகவரிகள் எந்தக் கணினிக்கும் சொந்தமானவை அல்ல. அவை குழுக்களுக்கே உரியவை. ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள 239 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கோரிக்கை ரவுட்டருக்குப் போகும் வழியில், கணினிகளின் கேபிள்கள் வந்து செருகும் சுவிட்ச் அதை எட்டிப் பார்க்கிறது. ‘ஏழாம் துளையில் இருப்பவர் இந்தக் குழுவைக் கேட்கிறார்’ என்று குறித்துக்கொள்கிறது. பிறகு அந்தக் குழுவின் பாக்கெட்டுகளை ஏழாம் துளைக்கு மட்டும் விடுகிறது. இதை ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்பார்கள். ஆனால் சுவிட்ச் எழுதிய குறிப்பு நிரந்தரமல்ல. யாராவது ஒருவர் அவ்வப்போது, ‘இன்னும் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று எல்லோரையும் கேட்க வேண்டும். கணினிகள் பதில் சொன்னால்தான் குறிப்பு புதுப்பிக்கப்படும். அப்படிக் கேட்பவருக்கு குவெரியர் என்று பெயர். வழக்கமாக ரவுட்டர் அந்த வேலையைச் செய்யும். 125 நொடிக்கு ஒருமுறை கேட்கும். இரண்டு முறை கேட்டும் பதில் வராவிட்டால், பதிலுக்கான 10 நொடியையும் சேர்த்து 260 நொடியில் குறிப்பு அழிக்கப்படும். 260 நொடி என்றால் நாலு நிமிடம் இருபது நொடி.

ஆக, அந்த நெட்வொர்க்கில் கேள்வி கேட்க ஆளில்லை. சந்தா புதுப்பிக்கப்படவில்லை. மாணவரின் கணினி முதல் கோரிக்கையை ஒழுங்காக அனுப்பியது, சுவிட்சும் ஒழுங்காக எழுதிக்கொண்டது. யாரும் மறுபடி கேட்காததால் கணினி மறுபடி சொல்லவில்லை. காலம் கடந்ததும் சுவிட்ச் தன் கடமைப்படி குறிப்பை அழித்தது. ஒவ்வொரு கருவியும் விதிப்படியே நடந்திருக்கிறது. அதனால்தான் எங்கேயும் பிழைச் செய்தி இல்லை.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை மாணவரின் கணினியில் திறந்து, வடிகட்டியில் ஐஜிஎம்பி என்று மட்டும் கொடுக்க வேண்டும். திரை வெறுமையாக இருக்கும். படத்தைத் தொடங்கியதும் ஒரு வரி விழும். அது நம் கணினி அனுப்பிய கோரிக்கை. சில நொடிகளில் அதே கோரிக்கை இன்னொரு முறை போகும், ஒன்று தொலைந்தாலும் மற்றது சேரட்டும் என்று. இனிக் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆவதற்குள், வேறொரு முகவரியிலிருந்து 224.0.0.1க்கு ஒரு வரி வந்து விழ வேண்டும். நெட்வொர்க்கின் அந்தப் பிரிவில் உள்ள எல்லோரையும் நோக்கிய கேள்வி அது. மூன்று நிமிடம் ஆகியும் அந்த வரி வரவில்லையென்றால் காரணம் அகப்பட்டுவிட்டது. வேறு எதையும் கழற்ற வேண்டாம். அந்தப் பிரிவுக்குள் ஒரு சுவிட்சில் குவெரியரை இயக்கி, அதற்கு ஓர் ஐபி முகவரி கொடுத்தால் படம் நிற்காமல் ஓடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பிரிவில் இரண்டு பேர் கேள்வி கேட்கத் தயாராக இருந்தால், சிறிய ஐபி முகவரி உள்ளவர்தான் குவெரியர் ஆவார். திறமை, வேகம், இருப்பிடம் எதுவும் கணக்கில் வராது. மூலையறையில் கிடக்கும் பழைய சுவிட்சின் முகவரி 2 என்று முடிந்து, மையத்தில் இருக்கும் புதிய கருவியின் முகவரி 254 என்று முடிந்தால், பழையதுதான் வெல்லும். அதன் மின்சாரத்தை யாராவது நிறுத்திவிட்டால் அடுத்தவர் பொறுப்பேற்கச் சுமார் நாலேகால் நிமிடம் ஆகும். வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் சற்று நேரம் மட்டும் படம் போகிறது என்ற புகாருக்குப் பின்னால் இப்படி ஒரு கருவி இருக்கக்கூடும்.

அவசரத்தில் பலர் செய்யும் வைத்தியம் வேறு. ஸ்னூப்பிங்கையே அணைத்துவிடுகிறார்கள். உடனே படம் வருகிறது, புகார் நிற்கிறது. சுவிட்ச் இப்போது எதையும் குறித்துக்கொள்வதில்லை, எல்லாப் பாக்கெட்டையும் எல்லாத் துளைக்கும் தள்ளுகிறது. கேட்காத அச்சுப்பொறிக்கும் போகிறது, கண்காணிப்புக் கேமராவுக்கும் போகிறது, வைஃபை கருவிக்கும் போகிறது. இதைவிட மோசமான தீர்வு கிடையாது. இன்றைய ஒரு புகாரை மூடிவிட்டு நாளைக்கு வேறு பத்துப் புகார்களைத் திறந்துவிடுகிறது.

வைஃபையில் அதன் விளைவு கடுமையாக இருக்கும். சாதாரணப் பாக்கெட் காற்றில் போனதும் வாங்கியவர், ‘கிடைத்தது’ என்று பதில் தருகிறார். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பப்படும். மல்டிகாஸ்டில் அந்தப் பதில் கிடையாது. தூரத்தில் இருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்று அது மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்படுகிறது. நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகமுள்ள கருவிகூட மல்டிகாஸ்டை நொடிக்கு 6 மெகாபிட்டில், சில இடங்களில் 1 மெகாபிட்டிலேயே விடக்கூடும். 8 மெகாபிட் படத்தை அதற்குள் திணித்தால் படமும் உடைகிறது, அந்த அறையில் இருக்கும் எல்லோருடைய வைஃபையும் சேர்ந்து படுத்துவிடுகிறது. கேட்டவர்களுக்கு மட்டும் தனித்தனிப் பிரதியாக மாற்றி அனுப்பும் வசதி நல்ல வைஃபை கருவிகளில் உண்டு. அதை இயக்கிவிட வேண்டும்.

வீடுகளுக்குள்ளும் இது வந்திருக்கிறது. 2010இல் மலேசியாவில் யூனிஃபை கண்ணாடியிழை இணையம் அறிமுகமானபோது, ஹைப்டிவி என்ற தொலைக்காட்சிச் சேவையும் அதே கம்பியில் வந்தது. இணையத்துக்கு ஒரு தனித்தடம், தொலைக்காட்சிக்கு ஒரு தனித்தடம். அந்தத் தடங்களுக்கான விலான் 500, விலான் 600 என்ற எண்களை அக்காலத்தில் ஆர்வமுள்ள பயனர்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். கொடுத்த ரவுட்டரை எடுத்துவிட்டுச் சொந்தமாக வாங்கிய ரவுட்டரை மாட்டினால் இணையம் வரும், தொலைக்காட்சி வராது. தொலைக்காட்சித் தடத்தைச் சரியான துளைக்குக் கொண்டுபோகும்படி அமைப்பைத் திருத்தினால்தான் படம் வந்தது. ரவுட்டர் வழியாகவே அலைவரிசையை அனுப்ப வேண்டிய அமைப்புகளில், தொலைக்காட்சிப் பெட்டி கேட்பதை வாங்கி மேலே சொல்லும் ஐஜிஎம்பி ப்ராக்சியும் தேவைப்படும். படம் வந்த பிறகு வீட்டு வைஃபை மந்தமானால், தொலைக்காட்சியின் மல்டிகாஸ்ட் காற்றிலும் கசிகிறதா என்று பார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே பிரிவுக்குள் நடப்பவை. ரவுட்டரைத் தாண்டும்போது சிக்கலின் தன்மை மாறுகிறது.

எளிய காரணம் ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண் எழுதப்பட்டிருக்கும். டிடிஎல் என்பார்கள். மல்டிகாஸ்டுக்கு அது இயல்பாகவே 1. அதாவது முதல் ரவுட்டரிலேயே பாக்கெட் மடிந்துவிடும். தெரியாத்தனமாக உலகம் முழுக்கப் பரவிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அனுப்பும் மென்பொருளில் அந்த எண்ணை உயர்த்த மறந்தவர்கள் ரவுட்டரை நாள் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். வயர்ஷார்க்கில் பாக்கெட்டைத் திறந்து அந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்.

அடுத்த காரணம் ஆழமானது. சாதாரணப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று மட்டும் ரவுட்டர் பார்க்கும். மல்டிகாஸ்ட் பாக்கெட்டில் சேருமிடம் என்று ஓர் இடமே இல்லை. அதனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறது. ‘இதை அனுப்பியவருக்கு நான் ஒரு பதில் அனுப்புவதாக இருந்தால் எந்த வழியில் அனுப்புவேன்? இந்தப் பாக்கெட் அதே வழியில்தான் வந்திருக்கிறதா?’ ஆம் என்றால் மேலே விடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் வீசிவிடும். பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கை மூழ்கடிக்காமல் இருக்க இந்தச் சோதனை அவசியம். ஆர்பிஎஃப் சோதனை என்று பெயர்.

வளாகத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பாதுகாப்புக்காக இரண்டு கண்ணாடியிழைப் பாதைகள் போடுவது வழக்கம். மல்டிகாஸ்டுக்கான பிஐஎம் விதிமுறையை ஒரு பாதையில் மட்டும் இயக்கியிருப்பார்கள். மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடும். ஒருநாள் ஏதோ பராமரிப்புக்காகச் சாதாரணப் போக்குவரத்து இரண்டாம் பாதைக்கு மாற்றப்படும். இணையம் துளிக்கூடத் தடைபடாது, ஆனால் மல்டிகாஸ்ட் முழுக்க நின்றுவிடும். பாக்கெட் பழைய பாதையில் வருகிறது, பதில் போகும் வழியோ புதிய பாதை. இரண்டும் பொருந்தவில்லை. ‘நாங்கள் வீடியோ அமைப்பைத் தொடவே இல்லையே’ என்று பராமரிப்பாளர் சொல்வது முழு உண்மை.

இதன் மிகப் பெரிய வடிவத்தை ஆசியப் பல்கலைக்கழகங்கள் சந்தித்தன. 2001இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகமும் வைட் ஆய்வுத் திட்டமும் முன்னின்று தொடங்கிய எஸ்ஓஐ ஆசியா திட்டத்தில், விரிவுரைகள் செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளுக்கு மல்டிகாஸ்டில் அனுப்பப்பட்டன. அந்த முயற்சியோடு இணைந்திருந்த ஏஐ3 ஆய்வு நெட்வொர்க்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் பங்காளி. பெறுகிற இடங்கள் பலவற்றில் வாங்கும் தட்டு மட்டும் இருந்தது, திருப்பி அனுப்பும் வசதி கிடையாது. விரிவுரை வானத்திலிருந்து வருகிறது, பதில் போகும் வழி தரையில் கம்பியில் இருக்கிறது. ஆர்பிஎஃப் சோதனைப்படி அந்த ரவுட்டர் ஒவ்வொரு விரிவுரைப் பாக்கெட்டையும் வீசியாக வேண்டும். ஒருவழிப் பாதையை இருவழிப் பாதை போல ரவுட்டருக்குக் காட்டும் முறை ஒன்றை பிரெஞ்சு, ஜப்பானியப் பொறியாளர்கள் சேர்ந்து எழுதி, 2001 மார்ச்சில் இணைய விதிமுறையாக வெளியிட்டார்கள். திருப்பி அனுப்ப வேண்டியதை ஒரு சுரங்கவழியில் வைத்துத் தரைக்கம்பி வழியே அனுப்பிவிடுவது அதன் சூட்சுமம். ரவுட்டர் திருப்தியடைந்தது, விரிவுரைகள் ஓடின.

முகவரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐபி முகவரியில் குழுவைக் குறிக்க 28 பிட்கள் உண்டு. அதை ஈத்தர்நெட் முகவரியாக மாற்றும்போது 23 பிட்களுக்குத்தான் இடம். ஐந்து பிட்கள் உதிர்ந்துபோகின்றன, 32 குழுக்கள் ஒரே ஈத்தர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. டீரிங் 16 முகவரித் தொகுதிகள் கேட்டார், ஒன்றின் விலை ஆயிரம் டாலர், இணைய முன்னோடி ஜான் போஸ்டல் ஒன்றுதான் வாங்கினார், அதிலும் பாதியைத்தான் இதற்குக் கொடுத்தார் என்று இத்துறையில் ஒரு கதை வழங்குகிறது. அதன் விளைவை இன்றும் சந்திக்கிறோம். 239.1.1.1 என்ற குழுவும் 239.129.1.1 என்ற குழுவும் ஈத்தர்நெட் முகவரியை வைத்து வேலை செய்யும் சுவிட்சுக்கு ஒன்றுதான். இன்னும் தொல்லையானது 239.0.0.1 போன்ற முகவரி. அது 224.0.0.1இன் ஈத்தர்நெட் முகவரியோடு மோதுகிறது. 224.0.0 வரிசையை எல்லோருக்கும் அனுப்பியே ஆக வேண்டும் என்பது விதி. ஆகவே எளிதாக நினைவில் நிற்கட்டும் என்று வீடியோவுக்கு 239.0.0.1 வைத்தால், ஸ்னூப்பிங் சரியாக இருந்தும் பல சுவிட்சுகளில் படம் எல்லாத் துளைக்கும் பாயும். முகவரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை இடங்களில் பழுது வரலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் அனுப்புகிற சர்வரிலிருந்து தொடங்குகிறார்கள். ‘படம் கிளம்புகிறதா? முதல் சுவிட்சுக்கு வந்ததா? அடுத்த ரவுட்டருக்கு?’ என்று முன்னோக்கி நடக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில், மின்கம்பியில், சாதாரண இணையத்தில் இது சரியான வழி. மல்டிகாஸ்டில் பாதையைக் கட்டுவது கேட்பவர். அவருடைய கோரிக்கை சுவிட்சுக்குப் போய், ரவுட்டருக்குப் போய், ஒவ்வொரு ரவுட்டராக அனுப்புபவரை நோக்கிப் பின்னோக்கிப் போகிறது. அது போன தடத்தில்தான் படம் இறங்கி வருகிறது. கோரிக்கை எங்கே அறுந்ததோ அங்கேதான் படமும் அறுகிறது. ஆகவே கேட்பவரிடம் தொடங்கி அனுப்புபவரை நோக்கி நடக்க வேண்டும்.

இந்தப் பழுதுகளைத் தேட மல்டிகாஸ்டின் தொடக்க காலத்திலேயே எழுதப்பட்ட எம்ட்ரேஸ் என்ற கருவியும் இதே திசையில்தான் நடக்கிறது. சாதாரண ட்ரேஸ்ரூட் நம்மிடமிருந்து இலக்கை நோக்கிப் போகும். எம்ட்ரேஸ் கேட்பவரின் ரவுட்டரில் தொடங்கி, ‘இந்தக் குழு உனக்கு எங்கிருந்து வர வேண்டும்?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு மூலத்தை நோக்கி ஏறும். 2018இல் அதன் இரண்டாம் பதிப்புக்கு முறையான விதியும் எழுதப்பட்டது.

கேட்பவரிடம் தொடங்குவதில் இன்னொரு லாபம், பாதிக் கோளாறுகள் அங்கேயே அகப்பட்டுவிடும். இன்றைய மடிக்கணினியில் கேபிள் இணைப்பு, வைஃபை, அலுவலக விபிஎன், மெய்நிகர் கணினிக்கான பொய் இணைப்பு என்று நாலைந்து வாசல்கள் திறந்திருக்கும். குழுவில் சேரும் கோரிக்கையை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று மென்பொருள் சொல்லாவிட்டால் இயங்குதளம் தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அது விபிஎன் வாசலாக இருந்தால் கோரிக்கை பக்கத்து சுவிட்சுக்குப் போகவே போகாது. எந்த வாசலில் எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறோம் என்று விண்டோசும் லினக்சும் ஒரு சிறு கட்டளையில் பட்டியலிட்டுக் காட்டும். நம் குழுவின் முகவரி தவறான வாசலின் கீழே இருந்தால், விபிஎன்னை அணைத்ததும் படம் வந்துவிடும். பட்டியல் சரியாக இருந்தால் கணினியின் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சுவிட்சின் குறிப்பு, அதில் நம் துளை இருக்கிறதா என்று. பிறகு ரவுட்டரில் குழுவின் பெயர் ஏறியிருக்கிறதா, படம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று அது நினைக்கிறது என்று. பிஐஎம்மில் கேட்பவரும் அனுப்புபவரும் சந்திக்கும் இடமாக ஒரு ரவுட்டரை நியமித்திருப்பார்கள். அந்தச் சந்திப்பு ரவுட்டரின் முகவரியை எல்லா ரவுட்டர்களும் ஒரே மாதிரி வைத்திருக்கின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பழைய முகவரி இருந்தால் அந்தக் கிளைக்கு மட்டும் படம் போகாது.

விரிவுரை மண்டபங்களோடு இந்தச் சிக்கல் நிற்பதில்லை. நிபோங் திபாலிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பத்து காவான் இன்று பெரிய தொழிற்பேட்டை. 2014இல் இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கே வந்து இறங்கியது. மின்னணு, மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் அங்கே வேரூன்றியிருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்த உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஈத்தர்நெட்/ஐபி விதிமுறை, உணர்கருவிகளின் அளவீடுகளைச் சில மில்லிநொடிக்கு ஒருமுறை மல்டிகாஸ்டில் அனுப்ப வல்லது. ஸ்னூப்பிங் இல்லாத சுவிட்சில் அந்த அளவீடுகள் சம்பந்தமில்லாத ஒவ்வொரு கருவியின் வாசலையும் தட்டும். கட்டுப்பாட்டுக் கருவிகளின் செயலிகள் சிறியவை. வேண்டாத பாக்கெட்டுகளை ஒதுக்குவதிலேயே அவற்றின் நேரம் போய்விட்டால் இணைப்பு அறுந்து இயந்திரம் நிற்கும். விரிவுரை நின்றால் மாணவர் காத்திருப்பார். உற்பத்தி வரிசை நின்றால் அந்த நிமிடமே நட்டக் கணக்கு ஓடத் தொடங்கும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் அந்த ஆலைகளில் தொழில்நுட்பப் பணியாளர்களாகச் சேர்கிறார்கள். குவெரியர் என்ற சொல்லை வேலைக்குப் போன பிறகு, இயந்திரம் நின்ற இரவில் அவர்கள் முதல்முறை கேள்விப்படக் கூடாது. வயர்ஷார்க்கும் இரண்டு பழைய சுவிட்சுகளும் இருந்தால் பள்ளி ஆய்வகத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

புதிதாக நெட்வொர்க் அமைப்பவர்களுக்கு இன்று எளிய வழியும் உண்டு. குழுவை மட்டும் கேட்காமல், ‘இந்தக் குழு, இந்த ஆள் அனுப்புவது’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் முறை வந்துவிட்டது. அதற்கு 232இல் தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அனுப்புபவர் யார் என்று முதலிலேயே தெரிவதால் சந்திப்பு ரவுட்டர் தேவையில்லை, அதனால் வரும் கோளாறுகளும் இல்லை. கேட்கும் கணினிகள் ஐஜிஎம்பியின் மூன்றாம் பதிப்பைப் பேச வேண்டும். 2002இல் வந்த அந்தப் பதிப்பை இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் பேசுகின்றன.

ஐபி ஆறாம் பதிப்புக்கு மாறும் வளாகங்களில் இந்த அறிவு இன்னும் அவசியமாகிறது. அதற்கான தேசிய ஆய்வு மையம் 2005இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் அமைந்தது. சுரேஸ்வரன் ராமதாஸ் அதன் இயக்குநராகவும் இருந்தார். ஆறாம் பதிப்பில் எல்லோருக்கும் கத்திச் சொல்லும் பிராட்காஸ்ட் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. பக்கத்துக் கணினியின் முகவரியைத் தெரிந்துகொள்வதுகூட மல்டிகாஸ்டில்தான் நடக்கிறது. நாலாம் பதிப்பில் ஸ்னூப்பிங் கெட்டால் படம் போகும். ஆறாம் பதிப்பில் கெட்டால் இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமலே போகலாம். அங்கே ஐஜிஎம்பிக்குப் பதில் எம்எல்டி என்ற விதிமுறை, அதற்குத் தனி ஸ்னூப்பிங், தனிக் குவெரியர். நாலாம் பதிப்புக்கு எல்லாவற்றையும் சரியாக அமைத்த சுவிட்சிலும் இந்த இரண்டாவது குவெரியரைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருக்கும்.